ஆர்ட்ஸ் ஃபேகல்டில பிஎச்டி கைடு மாத்தப் போறவங்க கவனத்துக்கு

ஒருவழியா கைடு மாத்தின ஆர்டர் கைக்கு வந்துருச்சு, அந்த ஆத்திரம் மட்டும் இன்னும் அடங்கல.

நான் கானாடுகாத்தான். வெளியூர் யுனிவர்சிட்டி ஒண்ணுல ஹிஸ்டரி டிபார்ட்மென்ட்ல பார்ட் டைம் பிஎச்டி, பேரு வேணாம். பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் பண்ணப் போன நகரத்தார் வீட்டுக் கணக்குப் பேரேடுகள்தான் தலைப்பு. எங்க கைடு ரிட்டையர் ஆகுறாரு. யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 ரூல்படி ரிட்டையர்மென்ட்டுக்கு அப்புறம் அவர் கோ-கைடா இருக்கலாம், அதுவும் 70 வயசு வரைக்கும்தான். மெயின் கைடா வேற ஆள் வேணும். பேரேடு படிக்கத் தெரிஞ்ச கமர்ஸ் புரொஃபசர் ஒருத்தர் சரின்னுட்டாரு. எச்ஓடி, அதான் துறைத் தலைவர், கையெழுத்து அன்னைக்கே ஆச்சு.

டீன் ஆபீஸ்லதான் சிக்கல். பல டிபார்ட்மென்ட் சேர்ந்தது ஒரு ஃபேகல்டி, அதாவது புலம், அதுக்குத் தலைவர்தான் டீன். பிகாம் ஆர்ட்ஸ் காலேஜ்லதானே இருக்கு, அப்ப கமர்ஸும் ஆர்ட்ஸ் ஃபேகல்டிதான், ஒரு டீன் கையெழுத்து போதும்னு அங்க இருந்த கிளார்க் அடிச்சுச் சொல்லி வாங்கி வச்சுக்கிட்டாரு. ஆனா எங்க யுனிவர்சிட்டில கமர்ஸ், மேனேஜ்மென்ட் ஃபேகல்டிக்குக் கீழ வருது! ரிசர்ச் செக்ஷன்ல இருந்து "புலம் வேறு, இரு டீன் ஒப்புதல் தேவை"ன்னு சிவப்பு மையில எழுதித் திருப்பிட்டாங்க, அதையும் எனக்குச் சொல்லாம பீரோ மேல போட்டு வச்சிருக்காங்க, நான் காரைக்குடில விடியகாலை பஸ் ஏறிப் போயி நின்னா "ஃபைல் இங்க இல்லையே"ங்குறாரு அதே மனுஷன். எச்ஓடி ஆபீஸ் அக்கா தபால் நம்பரை எழுதிக் கொடுத்திருந்தாங்க, அதை சூப்பரண்டு கிட்ட காட்டினதும் ரிஜிஸ்டரைப் புரட்டி நிமிஷத்துல எடுத்துட்டாரு. அந்த அக்கா நல்லா இருக்கணும்.

அதனால, எந்த டிபார்ட்மென்ட் எந்த டீனுக்குக் கீழன்னு யுனிவர்சிட்டி வெப்சைட்ல பாத்து பிரிண்ட் எடுத்துட்டுப் போங்க, வாய்ச்சொல்லை நம்பாதீங்க. புது கைடு கிட்ட இடம் காலியா இருக்குன்னு லெட்டர் வாங்கிருங்க, புரொஃபசர்னா 8 பேரு, அசோசியேட் 6, அசிஸ்டென்ட் 4, அதுக்கு மேல எடுக்க முடியாது. ரிட்டையர்மென்ட்டுக்கு மூணு வருஷத்துக்குள்ள இருக்கவங்க புதுசா ஸ்காலர் எடுக்கவும் முடியாது. எங்க கொடுத்தாலும் ஜெராக்ஸ்ல சீல் வாங்காம நகராதீங்க.

ஆர்டர் வந்ததும் ஒரு வரியைத் தேடிப் பாருங்க. கைடு கமர்ஸா இருந்தாலும் ரெஜிஸ்ட்ரேஷன் ஹிஸ்டரிலயே, ஆர்ட்ஸ் ஃபேகல்டிலயே தொடருதுன்னு என்னோடதுல தெளிவா போட்டிருக்கு. அது இல்லைன்னா அங்கேயே நின்னு திருத்தி வாங்குங்க, தீசிஸ் சப்மிட் பண்ற நேரத்துல இதுக்காக மறுபடி ரெண்டு டீன் ஆபீஸுக்கும் அலைய முடியாது.