சீகிரியா – சீனன்குடா: ஆகாயத்தில் 80 கிலோமீற்றர்

சீகிரியா விமானத் தளத்துக்கும் திருகோணமலையில் உள்ள எங்கள் சீனன்குடாவுக்கும் நேர்கோட்டில் சுமார் 80 கிலோமீற்றர்தான். மணிக்கு 800 கிலோமீற்றர் போகும் ஜெட்டை வைத்துக் கணக்குப் போட்டால் ஆறு நிமிடம் வரும், ஆனால் அந்த வழியில் ஜெட் ஏது? வருவது செஸ்னா கரவான், மூக்கில் ஒரே ஒரு புரொப்பெல்லர், மணிக்கு 300 கிலோமீற்றர் அளவில் பறக்கும். அப்படியானால் 16 நிமிடம், ஏறவும் இறங்கவும் கொஞ்சம் சேர்த்தால் 20க்கு மேல். பறந்தது அவ்வளவுதான்.

தரையில் போன நேரம் வேறு. இரண்டுமே விமானப்படைத் தளங்கள், வாசலில் அடையாள அட்டை காட்டி, உள்ளே போய், பையை நிறுத்து, கட்டுநாயக்கவிலிருந்து பிளேன் வரும்வரை இருக்க வேண்டும். தம்புள்ளையில் வேலை முடித்துவிட்டு மச்சானும் நானும் ஒரே நேரத்தில்தான் பிரிந்தோம். அவர் சாமான்களோடு வேனில், ஹபரணை, கந்தளாய் என்று ஏ6 வீதியால், நூறு கிலோமீற்றருக்குக் கிட்ட. நான் ஏறப்போகும்போது போன் வருகிறது: "மச்சான், நான் கந்தளாய் தாண்டிட்டன், நீ இன்னும் ஏறேல்லையா?" கடைசியில் இரண்டு பேரும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் வந்து சேர்ந்தோம். அதனால் நேரத்தை மிச்சம் பிடிக்க நினைத்து இந்தத் துண்டுக்கு மட்டும் யாரும் டிக்கெட் எடுக்க வேண்டாம்.

ஆனால் நான் திரும்பவும் எடுப்பேன், காரணம் குளங்கள். செஸ்னாவுக்குச் சிறகு ஜன்னலுக்கு மேலே இருப்பதால் கீழே எதுவும் மறைக்காது, சக்கரம் ஒன்று தொங்கிக்கொண்டு கூடவே வரும், அதற்கு அப்பால் காடு. வலது பக்கம் தூரத்தில் மின்னேரியா, பிறகு கவுடுல்ல, அப்புறம் இடது பக்கம் கந்தளாய்க் குளம், அதன் அணைக்கட்டு நூல் பிடித்த மாதிரி. அம்பன் கங்கையில் எலஹெரவில் மறித்த தண்ணீர் மின்னேரியாவுக்கு வந்து, அங்கிருந்து யோத எல வாய்க்காலால் கவுடுல்லவுக்கும் கந்தளாய்க்கும் போகிறது, கந்தளாயின் தண்ணீரில்தான் அம்மாவின் ஊரான தம்பலகாமத்தில் நெல் விளைகிறது. சின்ன வயதில் வரம்பில் நின்று பார்த்த வாய்க்கால் எங்கிருந்து வருகிறது என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்வேன், இப்போது ஒரே பார்வையில் முழுவதும் கிடந்தது. பிளேன் தண்ணீர் போகும் திசையிலேயே போகிறது! 1986 ஏப்ரலில் உடைத்துக்கொண்டு ஊர்களை அள்ளிப்போன அணையும் இந்தக் கந்தளாய் அணைதான், மேலே இருந்து பார்க்கும்போது அதற்குக் கீழே எவ்வளவு வீடு, எவ்வளவு வயல் என்று தெரிகிறது, மனம் பதறும்.

தம்பலகாமம் வயல்கள் முடிய உடனே கடல் உள்ளே வந்துவிடுகிறது. காட்டுக்குள் எண்ணெய்க் குதங்கள், ஆங்கிலேயர் காலத்தவை, வரிசை வரிசையாக. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டது துறைமுகத்தோடு சேர்த்து இந்தத் தளத்திலும்தான். பிரீமா மா ஆலையைப் பார்த்ததும் ஊர் வந்துவிட்டது என்று தெரியும், அதற்குள் சக்கரம் தட்டிவிடும்.

போகிறவர்கள் இடது பக்க ஜன்னலைக் கேளுங்கள், கந்தளாய் அந்தப் பக்கம். இறங்கியதும் டவுனுக்கு ஓட்டோ பிடிக்கத் தளத்தின் வாசல் வரை வர வேண்டும், ஆள் யாராவது வருவதாக இருந்தால் முன்னமே சொல்லிவைப்பது நல்லது.