நர்சிங்கின் கறுப்பு அங்கிகள் ஒருவழியாகப் படிந்தன

முகலாய ஓவியர் நர்சிங்கின் ஓவியம் ஒன்றைப் படியெடுக்கும் வேலையில் இத்தனை நாள் முட்டுக்கட்டையாக நின்ற இரண்டு கறுப்பு அங்கிகளும் இந்த வாரம் முடிந்துவிட்டன. அகேட் கல்லால் மெருகேற்றிய பிறகும் உதிரவில்லை, வெடிக்கவில்லை, பளபளக்கவும் இல்லை. அசலின் பெரிய பிரதியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இந்தக் கறுப்பு அந்தக் கறுப்புக்கு அருகில் நிற்கிறது என்று தைரியமாகவே சொல்வேன்.

அபுல் ஃபஸல் எழுதிய அக்பரின் வரலாறான அக்பர்நாமாவுக்காக 1603-05 வாக்கில் நர்சிங் வரைந்த பக்கம் இது. இப்போது டப்ளினில் செஸ்டர் பீட்டி நூலகத்தில் இருக்கிறது. ஃபதேபூர் சிக்ரியின் இபாதத் கானா என்ற விவாத மண்டபத்தில் அக்பர் முன்னிலையில் சமய விவாதம் நடக்கிறது. உலமாக்கள் (இஸ்லாமிய மார்க்க அறிஞர்கள்) கூடிய அதே சபையில் கறுப்பு அங்கியோடு இரண்டு சேசு சபைப் பாதிரியார்கள். ரோடால்ஃபோ அக்வாவீவாவும், மொழிபெயர்ப்பாளராக வந்த ஹோர்முஸ்காரர் பிரான்சிஸ்கோ ஹென்ரிக்ஸும் என்று அவர்களை அடையாளம் சொல்கிறார்கள்.

வஸ்லி (பல தாள்களை ஒட்டிச் செய்த கெட்டித் தாள்) தயார் செய்தது, கோட்டோவியத்தை அதில் மாற்றியது எல்லாம் உங்களுக்குத் தெரிந்த வேலைதான். கறுப்புக்கு வருகிறேன்.

சுற்றிலும் வெள்ளையும் வண்ணமுமாக ஆடைகள். நடுவில் கட்டைவிரல் அளவு இடத்தில் கறுப்பு. தட்டையாகப் பூசினால் தாளில் ஓட்டை விழுந்த மாதிரி தெரியும். மடிப்புக்கு வெள்ளைக் கோடு போட்டால் பட்டுத் துணி போல ஆகிவிடும், பாதிரியாரின் அங்கி அப்படி இருக்காது. கடையில் கிடைக்கும் ட்யூப் கறுப்பு எனக்கு ஆகவே ஆகாது, அதில் உயிரில்லை. நல்லெண்ணெய் விளக்கின் மேல் பித்தளைத் தட்டைக் கவிழ்த்து எடுத்த கரிதான் வேண்டும். ஆனால் அந்தக் கரி தண்ணீரில் சேராது, மேலேயே மிதக்கும். முதலில் சில சொட்டு ஸ்பிரிட் விட்டு நனைத்து, அப்புறம்தான் பிசின் தண்ணீர். சிப்பியில் வைத்து விரலால் தேய்க்கத் தொடங்கினால், மணல் போன்ற நெருடல் முழுக்கப் போகும்வரை நிறுத்தக் கூடாது.

பிசின் அளவில்தான் உயிரே இருக்கிறது. கொஞ்சம் கூடினால் காய்ந்ததும் பளபளப்பு, தாள் வளைந்தால் வெடிப்பு. கொஞ்சம் குறைந்தால் மெருகுக் கல் பட்டதும் கரி கிளம்பிப் பக்கத்து மௌல்வியின் வெள்ளை ஜாமாவில் (நீள அங்கியில்) ஏறிக்கொள்ளும். கடைசியில் வழிக்கு வந்தது இப்படி: அடியில் அவுரி நீலமும் காவியும் கலந்த மந்தமான ஒரு பூச்சு. அது காய்ந்ததும் தாளைக் கண்ணாடி மேல் குப்புறப் போட்டுப் பின்பக்கத்தில் மட்டும் மெருகு. அதன்மேல் கரியை மிக நீர்த்து, ஒவ்வொரு பூச்சும் முழுக்கக் காய்ந்த பிறகே அடுத்தது. மடிப்புக்கு அதே கறுப்பில் துளி துத்தநாக வெள்ளை சேர்த்து, பர்தாஸ் எனப்படும் நுண்ணிய புள்ளிகள். கோடே கிடையாது. தள்ளிப் பார்த்தால் கறுப்பு, குனிந்து பார்த்தால் துணி.

இதற்காக ஏன் இவ்வளவு மல்லுக்கட்டு என்றால், அந்த இருவரும் வெறும் நிழலாகப் போனால் ஓவியமே போய்விடும். நர்சிங் அவர்களைக் குறுக்கவில்லை, கேலி செய்யவில்லை. சபையில் அவர்களும் ஆட்கள்.

இந்த விவாதத்தில் வரும் நெருப்புக் கதையை இரண்டு தரப்பும் எழுதி வைத்திருக்கின்றன. வேதத்தைக் கையில் ஏந்தி நெருப்புக்குள் போகலாம் என்று பாதிரியாரே அறைகூவினார், உலமாக்கள் பின்வாங்கினார்கள் என்கிறார் அபுல் ஃபஸல். நாங்கள்தான் மறுத்தோம், அது கடவுளைச் சோதிப்பது என்கின்றன பாதிரியார்களின் குறிப்புகள். அரசவை வரலாற்றாசிரியர் வந்த விருந்தாளிக்கு வீரத்தைக் கொடுத்துவிட்டு, சொந்த ஊர் உலமாக்களைக் கோழையாக்குகிறார்! அவருக்கும் உலமாக்களுக்கும் இருந்த பகை தெரிந்தால் காரணம் புரியும்.

அக்பர் கோவாவுக்கு ஆள் அனுப்பி அவரே அழைத்துத்தான் இந்தப் பாதிரியார்கள் வந்தார்கள், 1580 பிப்ரவரி 28-இல். ஆண்ட்வெர்ப்பில் அச்சான பன்மொழி பைபிளைக் கொடுத்தபோது ஒவ்வொரு பாகத்தையும் முத்தமிட்டுத் தலைமேல் வைத்தார். கடலும் ஹஜ் கப்பல்களும் போர்த்துக்கீசியர் பிடியில் இருந்தன, அதனால் அரசியல் கணக்கு இருந்தது உண்மை. ஆனால் வெறும் கணக்குக்காக யாரும் இரவெல்லாம் விவாதம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்கள். பாதிரியார்கள் நபிகளைப் பற்றிக் கடுமையாகவே பேசினார்கள், உடன் வந்த பாதிரியார் மான்செராத்தின் எழுத்திலிருந்தே அது தெரிகிறது. அந்தச் சபையில் பொறுமை பெரும்பாலும் கேட்டவர்கள் பக்கம்தான் இருந்தது. மதம் மாறுவார் என்று அவர்கள் காத்திருந்தார்கள், அவர் மாறவில்லை, அவர்களை விரட்டவும் இல்லை.

அக்வாவீவாவின் முடிவை நினைத்தால் எனக்கு மனம் கனத்துப்போகிறது. முகலாயர் அரசவையில் மூன்று வருடம் பத்திரமாக இருந்த மனிதர், 1583-இல் கோவாவுக்குத் திரும்பிய சில மாதங்களில் குங்கோலிமில் கொல்லப்பட்டார். போர்த்துக்கீசியர் கோயில்களை இடித்ததால் கொதித்துப்போயிருந்த கிராமம் அது. ஓவியத்தில் அவர் முகத்தை இன்னும் தொடவில்லை. தெளிவான ஒரு காலை வெளிச்சத்துக்குக் காத்திருக்கிறேன்.

பொருள்கள் பற்றி. அவுரி நீலம் திண்டிவனம் பக்கத்திலிருந்து கட்டியாக வாங்கினேன், அருமையான சரக்கு. வஸ்லி ஜெய்ப்பூரிலிருந்து வந்தது, இந்தமுறை ஒட்டு சரியில்லை, மெருகேற்றும்போது ஓரத்தில் உரிகிறது. விற்றவருக்கு எழுதிக் கேட்டேன், பதிலே இல்லை. பிரஷ் மூன்று பூஜ்யம் (000) அளவு, ஸேபிள் என்ற விலங்கு முடி. அணில் வால் முடி பிரஷ் தருகிறோம் என்கிறார்கள், எனக்கு வேண்டாம்.

இது முடியும் முன்பே அடுத்தது மனதில் ஓடுகிறது. பிரான்சிஸ் சவேரியாரின் உறவுவழிப் பேரனான சேசு சபைப் பாதிரியார் ஜெரோம் சேவியர், அரசவை அறிஞர் அப்துல் சத்தார் துணையோடு பாரசீகத்தில் எழுதி 1602-இல் அக்பருக்குக் கொடுத்த இயேசு வரலாறு, மிர்ஆத் அல்-குத்ஸ். அதன் ஓவியப் பிரதி ஒன்று கிளீவ்லாந்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது, இளவரசர் சலீமின் (பிற்கால ஜஹாங்கீரின்) அலகாபாத் ஓவியர்கள் வரைந்தது. அதில் ஒரு பக்கம் எடுக்க வேண்டும். மேரி மாதா முகலாய மண்டபத்தில் அமர்ந்திருக்கும் அழகை நானும் வரைந்து பார்க்க வேண்டும்.

அதற்கு முன் இங்கே தங்க வேலை பாக்கி. தஞ்சாவூர் ஓவியக்காரர்கள் வாங்கும் தங்க ரேக்கையே வாங்கி வைத்திருக்கிறேன். அதை அரைக்க வேண்டும். தேன் விட்டு அரைப்பதா, உப்பு சேர்த்து அரைப்பதா? இரண்டையும் செய்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், கழுவும்போது எதில் தங்கம் குறைவாக வீணாகிறது?