38 லீற்றர் டீசல்

ஒஸ்லோவில் குடிநீர்க் குழாய் மாற்றும் வேலைக்கு மேற்பார்வையாளராக இருக்கிறேன். வீதியைக் கிண்டி, பழைய இரும்புக் குழாயை எடுத்து, புதியதைப் போட்டு மூடிவிட்டுப் போவதுதான் வேலை. பதினைந்து வருடமாகச் செய்கிறேன். போன குளிர்காலம்தான் முதன்முறையாக, முழுவதையும் மின்சாரத்தில் செய்ய வேண்டி வந்தது. நகரசபை செய்விக்கும் கட்டுமான வேலைகளில் புகை கக்கும் இயந்திரம் கூடாது என்ற நிபந்தனை 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டது. 2019இல் தேசிய நாடக அரங்குக்குப் பக்கத்தில் ஒரு வீதியை இப்படி மின் இயந்திரங்களால் திருத்தியபோது நானும் போய் வேடிக்கை பார்த்தவன். வேடிக்கை பார்ப்பது சுகம்.

எனக்குப் பயம் மண் கிண்டும் இயந்திரத்தைப் பற்றித்தான் இருந்தது. ஊரில் பெக்கோ என்போமே, அது. 23 தொன், பற்றரியில் 260 யூனிட் அளவுக்குப் பிடிக்கும். ஆனால் அது ஒரு தொல்லையும் தரவில்லை. ஓட்டுபவர் போலந்துக்காரர், டீசல் இயந்திரத்தில் இருபது வருடம் இருந்தவர். அரை மணித்தியாலத்தில் கை பழகிவிட்டது என்றார். குழிக்குள் நிற்பவனோடு கத்தாமல் கதைக்க முடிந்தது. ஒரே ஒரு சங்கடம், பின்னால் இயந்திரம் வருவது நடந்து போகிறவர்களுக்குக் கேட்காது. முதல் கிழமையே ஒரு வயதான அம்மா நாயோடு வேலியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார். அன்றே வேலியை மாற்றி, வாசலில் ஓர் ஆளை நிறுத்தினோம்.

உண்மையான தலையிடி மின்சாரம். ஒஸ்லோவின் பழைய பகுதிகளில் இன்னும் 230 வோல்ட் வலைதான், 400 இல்லை. எங்களுக்கு அந்த வீதியில் கிடைத்தது 125 ஆம்பியர். மும்முனை இணைப்பு, கணக்குப் போட்டால் 50 கிலோவாட் வரும். பெக்கோவுக்கு மதிய இடைவேளையில் விரைவு சார்ஜ் ஏற்ற 150 கிலோவாட் தேவை. இங்கே மதியச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம்தான், அதற்குள் 75 யூனிட் ஏறினால்தான் பின்னேரம் வரை தாங்கும். கூடுதல் இணைப்புக்கு மின்மாற்றியை மாற்ற வேண்டும் என்றார்கள். அது எங்கள் வேலை முடிந்த பிறகுதான் வரும். அதனால் ஒரு பற்றரிக் கொன்டெய்னரை வாடகைக்கு எடுத்தோம். இரவெல்லாம் அந்த 50 கிலோவாட்டை மெதுவாகக் குடித்து, பகலில் ஒரே மூச்சில் பெக்கோவுக்குக் கொடுக்கும். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: வேலை கிடைத்த அன்றே ஆம்பியர் எவ்வளவு என்று கேளுங்கள். எந்த இயந்திரம் என்பதை அப்புறம் பார்க்கலாம்.

சரி, எல்லாம் ஒழுங்கு என்று நினைத்தேன். ஜனவரியில் ஒரு காலை ஏழு மணிக்குப் போனால் கொன்டெய்னரில் பாதிகூட இல்லை. பெக்கோவில் 30 சதவீதம். சார்ஜ் கேபிள் மைனஸ் பதினைந்தில் விறைத்துத் தடி போலக் கிடந்தது. அதன் தலையைச் சுற்றி உறைந்திருந்த பனியைச் சுடுதண்ணீர் ஊற்றித்தான் கழற்றினோம். கொன்டெய்னர் தந்தவர்களைத் திட்டுவதற்காகத் தொலைபேசியை எடுத்தேன். நல்ல காலம், அதற்கு முதல் மின்மானியின் வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். கோடு இரவு 2:10 வரை மேலே போய், அதோடு தரையில் விழுந்திருந்தது. பிரதான உருகி போயிருக்கிறது.

யார் இழுத்தது? உறைந்த நிலத்தை இளக்குவதற்கு வீதியில் சுடுநீர்க் குழாய்களை விரித்துப் போட்டிருந்தோம். முந்தி இதற்கு டீசல் கொதிகலன் வைப்போம். புகை கூடாது என்ற நிபந்தனையால் இப்போது இதுவும் மின்சாரம். அதோடு பணியாளர் அறையில் ஈர உடுப்புக் காயவைக்கும் விசிறி. ஒருவர் அதை முழு வேகத்தில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார். கொன்டெய்னர் சார்ஜோடு மூன்றும் சேர்ந்து 125 ஆம்பியரைத் தாண்டிவிட்டன. பல லட்சம் குரோணர் இயந்திரம் அரை நாள் சும்மா நின்றது சிலரின் காலுறை காய்வதற்காக. அன்று பின்னேரமே ஒரு சுமைக் கட்டுப்படுத்தி போட்டோம். எல்லை நெருங்கினால் முதலில் விசிறியை நிறுத்தும், பிறகு சார்ஜைக் குறைக்கும், நிலம் இளக்குவதைக் கடைசியாகத்தான் தொடும்.

இயந்திரங்களின் ஓட்டத்தைப் பதிவு செய்யும் கருவிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்களிடம் இருந்த இயந்திரங்கள் மூன்று நிறுவனங்களுடையவை, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இணையத்தளம், தனிக் கடவுச்சொல். ஐ.எஸ்.ஓ. 15143-3 என்ற தரத்தின்படி எல்லாரும் தரவைக் கொடுப்பதால் கடைசியில் ஒரே திரையில் கொண்டுவர முடிந்தது. தரை அமுக்கும் சின்ன இயந்திரத்துக்கு அப்படி எதுவும் கிடையாது, அதைக் கொப்பியில் எழுதினோம். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவில் ஜி.பி.எஸ். சில நாள் பெக்கோவை அடுத்த வீதியில் நிறுத்தியது.

பெரிய பிரச்சினை சிவப்புக் கோடு. இயந்திரம் சும்மா நின்ற நேரத்தைத் திரை சிவப்பில் காட்டும். ஒருநாள் நாற்பது நிமிடம் சிவப்பு. போலந்துக்காரரிடம் கேட்டேன், கேட்ட விதமும் சரியில்லை. "நிலத்துக்குள் இருந்த கேபிளைச் சுற்றி ஆள் மண்வெட்டியால் கிண்டிக்கொண்டிருந்தான், நான் அவன் தலைக்கு மேலே வாளியை ஆட்டவா?" என்றார். நியாயம். டீசல் பெக்கோ சும்மா நின்றாலும் எண்ணெய் எரியும், அந்தக் காலத்துக்கு அந்தச் சிவப்பு பொருத்தம். மின்சாரத்தில் நின்றால் செலவு மிகக் குறைவு. அதோடு இங்கே தொழிலாளர் சட்டத்தில் கண்காணிப்புக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. இப்படி ஒன்றைக் கொண்டுவர முதல் தொழிலாளர் பிரதிநிதியோடு கதைக்க வேண்டும். நாங்கள் கதைக்காமலே தொடங்கியிருந்தோம். தவறு எங்களுடையது. அவரோடு உட்கார்ந்து பேசி, ஆள் பெயரை எடுத்துவிட்டு, இயந்திரமும் யூனிட்டும் மட்டும் பதிவாகும்படி மாற்றினோம். சிவப்பையும் எடுத்தோம்.

மாதக் கடைசியில் நகரசபைக்கு அறிக்கை போகும்: எத்தனை யூனிட், எத்தனை லொறிப் பயணம், எத்தனை லீற்றர் எரிபொருள். டீசலில் 23 தொன் பெக்கோ மணித்தியாலத்துக்குப் பதினைந்து லீற்றர் அளவில் குடிக்கும், லீற்றருக்கு 2.7 கிலோ கரியமில வாயு. அறிக்கையின் எரிபொருள் கட்டத்தில் பூச்சியம் எழுதுவதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை வந்துவிட்டது.

பெப்ரவரியில் ஓர் இரவு பக்கத்துப் பழைய குழாய் வெடித்துக் குழி நிரம்பியது. எங்கள் மின் பம்பியால் சமாளிக்க முடியவில்லை, தண்ணீர் பக்கத்து வீட்டு நிலவறையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. கிடைத்தது ஒரு டீசல் பம்பி, விடியும்வரை ஓடியது. அந்த மாதம் கட்டத்தில் 38 என்று எழுதினேன். எழுதாமல் விடலாமே என்று சொன்னவர்களும் இருந்தார்கள். விளக்கம் கேட்டு மூன்று மின்னஞ்சல் வந்தது. மூன்றாவதற்கு நிரம்பிய குழியின் படத்தை மட்டும் அனுப்பினேன், அதோடு விட்டுவிட்டார்கள்.