ரெஃபரன்ஸ் படுத்தும் பாடு

ஆய்வுக் கட்டுரையை நாளைக்கு அனுப்பணும். பாறசாலையிலிருந்து சேச்சி போன்: "மோனே, மூணாவது பத்தியில புதுசா ஒரு பேப்பரை ரெஃபரன்ஸா சேர்த்தாச்சு."

சேச்சிக்கு என்ன, சொல்லிட்டாங்க. ரெஃபரன்ஸுக்கு நம்பர் போடுற வான்கூவர் முறையில, கட்டுரையில வர்ற வரிசைப்படிதான் நம்பர். நடுவுல ஒண்ணு நுழைஞ்சா பின்னால இருக்குற எல்லாமே மாறும். ஜோட்டெரோன்னு ரெஃபரன்ஸைப் பாத்துக்குற சாஃப்ட்வேர் இருந்தா அதுவே மாத்திக்கும். கையால அடிக்கிறவங்க கதி அதோகதி! 1978ல வான்கூவர்ல கூடின மருத்துவ இதழ் ஆசிரியர்கள் ஆரம்பிச்சு வச்ச வேலை இது.

நம்பரைக்கூட சமாளிச்சிடலாம். நம்ம பேர்தான் தொல்லை. குடும்பப் பேரே இல்லாத ஆளு, 'கடைசிப் பெயர்' கட்டத்துல அப்பா பேரைப் போட்டுட்டா, ஆராய்ச்சி பண்ணினது மகன், ரெஃபரன்ஸ்ல நிக்கிறது அப்பன். களியக்காவிளை தாண்டி கேரளாவுக்குள்ள போனா பல பேருக்குப் பேர் முன்னால, இனிஷியல் பின்னால; வான்கூவர்காரன் கேக்குறதும் அதேதான். குடுத்து வச்சவங்க.