ஃபிராஸ்ட் கையெழுத்திட்ட புத்தகப் பிரதிகள்: இதுவரை சரிபார்த்தவை

அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் ஃபிராஸ்டின் கையெழுத்து அப்படியொன்றும் அரிதல்ல. 1963 ஜனவரியில் இறக்கும்வரை நிறையவே போட்டுக் கொடுத்தவர். ஆகவே கையெழுத்து இருக்கிறது என்பதற்காக மட்டும் காசை இறைக்க வேண்டாம். அது எந்தப் பதிப்பில், எந்தத் தாளில் இருக்கிறது என்பதில்தான் விலை.

தொடங்க நல்லது எண்ணிட்ட சிறப்புப் பதிப்புகள்: 'நியூ ஹாம்ப்ஷைர்' (1923) 350 பிரதிகள், 'வெஸ்ட்-ரன்னிங் புரூக்' (1928) 1000, 'எ ஃபர்தர் ரேஞ்ச்' (1936) 803. மொத்த எண்ணிக்கை அச்சான தாளிலேயே கையெழுத்தும் பிரதி எண்ணும் இருக்கும் என்பதால் போலிக்கு இடம் குறைவு. பழைய அட்டைப் பெட்டி கூடவே வந்தால் விலை ஏறும்.

சாதாரணப் பதிப்புகளில்தான் வேலை. 'மவுண்டன் இன்டர்வல்' (1916) முதல் நிலைப் பிரதியை (பிழை திருத்துமுன் அச்சானதை) அச்சுப்பிழையே காட்டிக் கொடுக்கும்: 88ஆம் பக்கத்தில் ஒரே வரி இரண்டு முறை வந்திருக்கும், 93ஆம் பக்கத்தில் 'கான்' (gone) என்று இருக்க வேண்டிய இடத்தில் 'கம்' (come). இதை முதலில் பார்த்துவிட்டுக் கையெழுத்துக்குப் போகலாம்.

10 மடங்கு லென்ஸில், மைப்பேனா மை தாளின் நாரில் லேசாகக் கசிந்திருக்கும். கோடுகள் குறுக்கிடும் இடம் கருக்கும். அச்சடித்த நகல் ஒரே அடர்த்தியில் தட்டையாகக் கிடக்கும். பால்பாயிண்ட் கையெழுத்தின் கீழ் 1930 என்று தேதி இருந்தால் புத்தகத்தை மூடிவிடலாம்; அந்தப் பேனா அமெரிக்கக் கடைக்கு வந்ததே 1945 அக்டோபரில்தான். தேதி இல்லாவிட்டால் அதை வைத்து மட்டும் ஒதுக்கக் கூடாது, பழைய புத்தகத்தில் அவர் 1950களில் போட்டதாகவும் இருக்கலாம்.

வேறு தாளில் வாங்கிய கையெழுத்தை உள்ளே ஒட்டி விற்பதும் உண்டு. இருட்டறையில் புற ஊதா விளக்கடியில் பக்கத்துத் தாள்கள் மங்கலாக இருக்க அது மட்டும் நீலவெண்மையாக ஒளிர்ந்தால், வெளுப்பூட்டி கலந்த பிற்காலத் தாள். ஒளிரவில்லை என்பதால் மட்டும் அசல் ஆகிவிடாது. தையலோரம் பசைக்கோடு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மேலுறைக்கு 50 மைக்ரான் பாலியெஸ்டர் போதும். பிவிசி உறை வேண்டவே வேண்டாம். நாளடைவில் பிசுபிசுத்து அச்சு மையைப் பிடுங்கும். கிழிசலுக்கு செலோடேப்பும் கூடாது. ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். சென்னையில் மூடிய பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் இல்லாமல் அது நடக்காது. ஆரஞ்சு மணிகள் பச்சையானதும் வெளியே எடுத்து, சுமார் 120 டிகிரியில் காயவைத்து மறுபடி போடலாம். அந்துருண்டை வாடை தாளில் ஏறினால் லேசில் போகாது. இராமபாணப் பூச்சி அட்டைப் பசையைத் தேடித்தான் வரும். மாதம் ஒருமுறை முதுகுப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் போதும்.

அடுத்தது 'எ பாய்ஸ் வில்' (லண்டன், டேவிட் நட், 1913). முதல் கட்டு வெண்கலப் பழுப்புத் துணி. மிஞ்சிய தாள்களைப் பிறகு வேறு வேறு அட்டைகளில் கட்டி விற்றிருக்கிறார்கள். எல்லாவற்றிலும் 1913 என்றே இருக்கும்.