இளம் குரல்களோடு 'லெலிசிர் தமோரே': முதல் மேடையேற்றத்துக்கு ஒரு வழிகாட்டல்

இசைப்பள்ளித் தேர்வில் ஆபெராவின் தனிப்பாடலான ஓர் ஆரியாவை மட்டும் நின்ற இடத்தில் நின்று பாடி நல்ல மதிப்பெண் வாங்கிவிடலாம். அதே ஆரியாவை ஒன்றரை மணி நேரம் பாடி, ஓடி, குடிகாரனாக நடித்துக் களைத்த பிறகு பாடுவது வேறு வேலை. முதன்முறையாக முழுப் பாத்திரம் ஏற்கும் இளம் பாடகர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். பாட்டு தெரியாததால் அல்ல, குரலை எங்கே செலவழிப்பது, எங்கே சேமிப்பது என்று கணக்குப் போடாததால் தடுமாறுகிறார்கள்.

இத்தாலியில் இதைக் கற்றுக்கொடுக்கவே அமைப்புகள் உண்டு. ஸ்பொலேத்தோ நகரின் பரிசோதனை ஆபெரா அரங்கு 1947இல் தொடங்கியது. மிலானில் அஸ்லிகோ என்ற அமைப்பு 1949இல் வந்தது. போட்டியில் வென்றவருக்கு இவை தருவது முதன்மையாக ஒரு பாத்திரமும் அதற்கான பயிற்சியும். புகழ்பெற்ற டெனர் (உயர்ந்த ஆண் குரல்) ஃபிராங்கோ கொரெல்லி 1951இல் ஸ்பொலேத்தோவில்தான் முதன்முதலில் மேடை ஏறினார். இன்னொரு டெனரான பவரோட்டியும் 1961இல் ஒரு போட்டியில் வென்றுதான் ரெஜ்ஜோ எமிலியாவில் 'லா பொஹேம்' ஆபெராவின் நாயகன் ரொடொல்ஃபோவாக அறிமுகமானார்.

இளம் குழுவுக்கு எந்த ஆபெரா என்று கேட்டால், டொனிசெட்டியின் 'லெலிசிர் தமோரே'யை ('காதல் மருந்து') தயங்காமல் சொல்லலாம். ஃபெலிச்சே ரொமானி எழுதிய பாடல் வரிகளோடு 1832 மே 12 அன்று மிலானின் கனோபியானா அரங்கில் முதலில் மேடையேறியது. இரண்டு அங்கம், பாடும் பாத்திரங்கள் ஐந்து: ஏழைக் குடியானவன் நெமொரினோ (டெனர்), நிலபுலன் உள்ள அடீனா (சொப்ரானோ, உயர்ந்த பெண் குரல்), சார்ஜன்ட் பெல்கோரே (பாரிடோன், நடுத்தர ஆண் குரல்), போலி வைத்தியர் துல்கமாரா (பாஸ், தாழ்ந்த ஆண் குரல்), கிராமத்துப் பெண் ஜானெத்தா (சொப்ரானோ). அவர்களோடு சேர்ந்து பாடும் குழுவாக ஒரு கோரஸ். டொனிசெட்டியின் இசைக்குழு குரலுக்கு வழிவிட்டு வாசிக்கும். நடுநடுவே பேச்சுப் போன்ற ரெசிட்டட்டிவ் வருவதால் தொண்டைக்கும் ஓய்வு கிடைக்கும். இருபத்து மூன்று வயதுக் குரலிடம் புச்சீனியின் 'தோஸ்கா'வைக் கொடுத்தால், தடித்த இசைக்குழுவுக்கு மேலே கேட்க வேண்டுமென்று அது கத்தக் கற்றுக்கொள்ளும். அந்தப் பழக்கத்தைப் பிறகு மாற்றப் பல ஆண்டு பிடிக்கும்.

பாடம் செய்வதைச் சொற்களிலிருந்து தொடங்குங்கள். ஸ்கோரில் (இசைக்குறிப்புப் பிரதியில்) ஒவ்வொரு சொல்லுக்கும் மேலே பென்சிலால் பொருள் எழுதுங்கள். பிறகு வரியைச் சும்மா பேசுங்கள், அடுத்து தாளத்தில் பேசுங்கள், அதன்பின் உயிரெழுத்துகளை மட்டும் பாடுங்கள், கடைசியில் சொல்லோடு பாடுங்கள். ரெசிட்டட்டிவை இதே முறையில் முதலில் முடித்துவிடுவது நல்லது. ஆரியாவை எல்லோரும் தயார் செய்துகொண்டு வருவார்கள். குரல் தேர்வில் நடுவர் ரெசிட்டட்டிவிலிருந்து நான்கு வரி கேட்டால்தான் யார் உண்மையில் படித்தவர் என்று தெரியும்.

தமிழ் பேசுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று சாதகமானது. இத்தாலியனில் ஒற்றை மெய்யும் இரட்டை மெய்யும் பொருளையே மாற்றும்; 'படம்', 'பட்டம்' என்று வேறுபடுத்திப் பழகிய காதுக்கு இது எளிது. நெமொரினோவின் புகழ்பெற்ற ஆரியாவில் 'மாம' என்று வருகிறது. 'அவள் என்னைக் காதலிக்கிறாள்' என்று பொருள். உணர்ச்சிவசப்பட்டு மகரத்தை அழுத்தினால் அது 'மம்ம' ஆகி, அம்மாவைக் கூப்பிடுவதாகிவிடும். இரண்டாவது பாதகமானது. பாடல் வரியைத் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்யக் கூடாது. துல்கமாராவின் 'உதீதே' என்ற முதல் சொல்லில் வரும் இரண்டு தகரங்களில் முன்னது அதிரும், பின்னது அதிராது. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்துதான். அப்படி எழுதிப் படித்தால் பின்னதும் தானாக மெலிந்துவிடும். பிறகு எந்த ஒத்திகையிலும் அது சரியாவதில்லை.

துல்கமாராவின் அந்த நுழைவு ஆரியா வேகப் பேச்சுப் பாட்டு. இளம் பாஸ் பாடகர்கள் இதை உரக்கப் பாடிக் கெடுக்கிறார்கள். சத்தம் கூடினால் தாடை இறுகும். தாடை இறுகினால் நாக்கு பின்தங்கும். மருந்தின் பெருமை ஒன்றும் கேட்பவர் காதில் விழாது. தாளம் காட்டும் கருவியான மெட்ரொனோமை 72இல் வைத்து, பாடாமல் பேசுங்கள். ஒரு பக்கம் மூன்று முறை பிசகாமல் வந்த பிறகே நான்கு புள்ளி ஏற்றுங்கள். மூச்செடுக்கும் இடங்களைக் குறித்துவிட்டு, எந்த நாளும் அவற்றை மாற்றாதீர்கள்.

ஒத்திகைக்கு ஐந்து வாரம் வேண்டும். முதல் நாளே எல்லோரும் மனப்பாடமாக வர வேண்டும். இதில் சலுகை கிடையாது. முதல் வாரம் பியானோவோடு இசை மட்டும், அடுத்த இரண்டரை வாரம் மேடை அமைப்பு. அதன்பின் இத்தாலிய அரங்குகளின் வழக்கமான வரிசை: இசைக்குழுவோடு, நடிப்பில்லாமல் பாடும் 'ப்ரோவா அல்லித்தாலியானா', மேடையும் இசைக்குழுவும் சேரும் ஒத்திகைகள், இறுதிக்கு முந்தைய முழு ஒத்திகையான 'அந்தெஜெனெராலே', கடைசியாக இறுதி முழு ஒத்திகையான 'ஜெனெராலே'. ஜெனெராலேவுக்கும் முதல் காட்சிக்கும் நடுவே ஒரு முழு நாள் இடைவெளி விடுங்கள். அடீனா, நெமொரினோ இருவருக்கும் இரண்டு பேரைத் தயார் செய்து, காட்சிகளை மாற்றி மாற்றிக் கொடுங்கள். இரண்டாவது ஜோடிக்கு இசைக்குழு ஒத்திகையே கிடைக்காமல் போவதுதான் வழக்கமாக நடக்கும் அநியாயம். அதனால் அட்டவணை எழுதும்போதே அவர்கள் பங்கை முதலில் எழுதிவிடுங்கள்.

'அச்செனாரே' என்று ஒரு கலை உண்டு: முழுக்குரல் கொடுக்காமல் தொட்டுக்காட்டிப் பாடுவது. இதைச் சொல்லித்தராமல் விட்டால் இளையவர்கள் ஒவ்வொரு ஒத்திகையிலும் முழுக்குரலில் பாடி, ஜெனெராலே வருவதற்குள் தொண்டை கட்டிப்போய் நிற்பார்கள். கிசுகிசுப்பது அச்செனாரே ஆகாது, அது தொண்டையை இன்னும் வறட்டும். மூச்சின் தாங்கல் அப்படியே இருக்க வேண்டும், மெய்யெழுத்துகள் தெளிவாக விழ வேண்டும், உச்ச சுரங்களை மட்டும் ஒரு ஸ்தாயி கீழே பாடலாம். செய்வதற்கு முன் இசையை நடத்தும் மாயெஸ்த்ரோவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

இந்த ஆபெராவில் மேடைப் பொருள்கள் அதிகம், ஒவ்வொன்றிலும் ஒரு பொறி இருக்கிறது. காதல் மருந்து என்று துல்கமாரா விற்பது பிரான்சின் போர்தோ (Bordeaux) ஒயின். புட்டியில் கால் பாகம் மட்டும், நிறமேற்றிய, குளிராத தண்ணீர் ஊற்றுங்கள். முழுதாக நிரப்பினால் டெனர் அவசரத்தில் விழுங்கிப் புரையேறிவிடும். பானத்தில் வாயு இருக்கவே கூடாது. குடித்ததும் நெமொரினோ பையிலிருந்து ரொட்டியும் பழமும் எடுத்துத் தின்றபடி 'லலரா' என்று பாடுவதாக ஆபெரா கேட்கிறது. ரொட்டித் துகள் தொண்டையில் ஒட்டும். கையில் ரொட்டி இருக்கட்டும், வாய்க்குள் போவது கனிந்த வாழைப்பழத்தில் ஒரு கடி போதும். இரண்டாம் அங்கத்தில், படையில் சேர ஒப்புக்கொள்ளும் நெமொரினோவுக்குப் பெல்கோரே தரும் இருபது ஸ்கூதி (பழைய இத்தாலிய நாணயம்) பணமுடிப்பில் அத்தனையும் உலோகமாக இருந்தால் கலகலவென்ற ஓசையில் இருவரின் பாட்டும் மறையும். உள்ளே மரவட்டுகள், மேலே நான்கு நாணயம் போடுங்கள்.

துல்கமாரா வண்டியில் வருவதானால் சக்கரத்துக்கு ரப்பர் ஒட்டுங்கள். வண்டி நின்றதும் சக்கரத்துக்குப் பூட்டுப் போடும் வேலையைக் கோரஸில் ஒரே ஒருவரிடம் ஒப்படையுங்கள். துல்கமாராவின் வருகையை அறிவிக்கும் கொர்னெட் (டிரம்பெட் போன்ற ஊதுகருவி) மேடைப் பக்கம் ஒலிக்கும். அங்கிருந்து ஓசை அரங்குக்கு வரத் தாமதமாகும் என்பதால், திரைக்குப் பின்னால் கையசைக்கும் உதவி மாயெஸ்த்ரோ மானிட்டரில் தெரியும் தாளத்துக்குச் சற்று முந்தியே காட்ட வேண்டும். சிறிய அரங்கில் முதல் வயலின் ஆறு, இரண்டாம் வயலின் ஐந்து, வியோலா நான்கு, செல்லோ மூன்று, டபுள் பாஸ் இரண்டு போதும். மூன்று டிராம்போன்களையும் மேடைக்கடியில் முடிந்தவரை உள்ளே தள்ளி உட்கார வையுங்கள்.

இனி நெமொரினோவின் அந்தப் புகழ்பெற்ற ஆரியா, 'ஊனா ஃபூர்தீவா லாக்ரிமா'. இரண்டாம் அங்கத்தின் கடைசிப் பகுதியில் வருகிறது. அதற்கு முன் நெமொரினோ கிராமத்துப் பெண்கள் சூழப் பாடும் பகுதியை முடித்து வெளியேறுவான். அடீனாவும் துல்கமாராவும் டூயட் பாடுவார்கள். அந்தச் சில நிமிடம் டெனருக்குக் கிடைத்த பொக்கிஷம். உட்காராதீர்கள், ஆரியாவை முணுமுணுக்காதீர்கள். இரண்டு மிடறு வெதுவெதுப்பான தண்ணீர் குடித்துவிட்டு, தோளைத் தளர்த்தி மெல்ல நடந்துகொண்டிருங்கள். ஹார்ப்புக்கு மேலே பசூன் என்ற மரக்குழல் கருவி முதலில் அந்த மெட்டை வாசிக்கும். அதற்குள் நின்று பாட வேண்டிய இடத்துக்கு வந்துவிட வேண்டும், நடை அங்கே முடிந்துவிட வேண்டும். பசூன் மூச்செடுக்கும் இடத்தில் நீங்களும் மூச்செடுத்தால் முதல் சொல் தானாக அமரும். அதைச் சத்தமாகத் தொடங்குவதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை. ஒருவன் தனக்குள் கண்டுபிடித்ததைச் சொல்கிறான். இரண்டாம் சரணத்துக்கு ஏதாவது மிச்சம் வேண்டும். வீட்டில் பயிலும்போதும் தனியாகப் பாடிப் பார்க்காதீர்கள். அதற்கு முந்தைய பகுதியைப் பாடி, டூயட் நேரம் காத்திருந்து, பிறகு பாடுங்கள். வாரத்துக்கு இரண்டு முறை போதும்.

கைதட்டல் டெனருக்கு; அதன் முடிவில் நுழைய வேண்டியவள் அடீனா. கைதட்டல் ஓயும் முன் அவள் வந்துவிட்டால் ரெசிட்டட்டிவின் முதல் வரி வீணாகும். அவள் நெமொரினோவிடம் கொடுக்க வேண்டியது, பெல்கோரேயிடமிருந்து திரும்ப வாங்கிய படைச்சேர்க்கைத் தாள். எழுதத் தெரியாத அவன் சிலுவைக் குறி போட்ட அதே தாள். முந்தைய காட்சியில் அது பெல்கோரேயோடு எதிர்ப்பக்கம் போயிருக்கும். வெறுங்கையோடு வந்து 'இந்தா, வாங்கிக்கொள்' என்று பாடிய அடீனாக்கள் உண்டு. அதனால் தாளில் இரண்டு பிரதி செய்து, குறியையும் முன்கூட்டியே போட்டு, ஒன்றை அவள் நுழையும் பக்கத்து மேசையில் வைத்துவிடுங்கள். இடைவேளை முடியும் முன் மேசையில் அது இருக்கிறதா என்று சொப்ரானோவே தொட்டுப் பார்த்துவிட்டுப் போகட்டும்.