மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய பிக்கப்

கோழித்தீவனம் சுமந்தே மூன்று லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்ட ஒரு பொலிரோ கேம்பர் பிக்கப்பை, நான்கு சக்கரங்களும் இழுக்கும் வகை என்ற ஒரே காரணத்துக்காக, பர்கூர் மலையிலுள்ள எங்கள் காட்டுக்குப் போய்வரச் சென்ற தை மாதத்தில் 1,70,000 ரூபாய்க்கு வாங்கினேன். வெளிநாடுகளில் இத்தகைய வண்டிகளை வேட்டைக்கென்றே தயார் செய்கிறார்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நம் நாட்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை, எனக்கு ராகி மூட்டைதான் சுமை.

எஞ்சின் நன்றாகவே இருந்தது. பணத்தை விழுங்கியது அடிப்பகுதி. பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளில் இரண்டு முறிந்திருந்தன, சேசிஸில் துரு ஏறியிருந்தது. ஆக்சிலின் நடுவே இருந்து சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலைத் திறந்தபோது, அதன் ஆயில் தண்ணீர் கலந்து, பால் விட்ட காப்பியைப் போல வெளுத்திருந்தது. ஓடிச் சூடான ஆக்சில் பள்ளத்து நீரில் இறங்கியவுடன் குளிர்ந்து, உள்ளிருக்கும் காற்று சுருங்க, மேலே உள்ள சிறு மூச்சுத்துளை வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது என்பதைப் பட்டறை அண்ணன் பொறுமையாக விளக்கினார். அந்தத் துளையில் ரப்பர் குழாய் மாட்டி, பாடியின் உயரம்வரை கொண்டுபோய்க் கட்டியதற்கு ஆன செலவு முந்நூறு ரூபாய்கூட இல்லை.

வண்டியை உயர்த்தச் சொன்னவர்களின் பேச்சை நான் கேட்கவில்லை. உயரம் கூடினால் கொண்டைஊசி வளைவில் சாயும் பயமும் கூடும். தவிர, அனுமதியின்றி அமைப்பை மாற்றினால் எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுச் சோதனையின்போது நிற்கவைத்துவிடுவார்கள். இடப்பக்கக் கதவு மட்டும் இன்னும் கடகடக்கிறது.